எட்டாம் தொட்டியில் புதுப்பெண்

வியாழன், காலை 8.10.

எட்டாம் தொட்டியின் விளக்கைப் போட்ட அசெம், கையிலிருந்த நண்டுக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

ஆக்டோபஸ் தன் பொந்துக்கு வெளியே, மணலின் மேல் கிடந்தது. உடம்பு முழுக்க வெள்ளை. உயிரோடிருந்த நாட்களில் அது ஒருபோதும் முழு வெள்ளையாக இருந்ததில்லை. அசெம் மூடியைத் திறந்து, உணவூட்டும் குச்சியால் மெல்லத் தொட்டாள். எட்டுக் கைகளில் ஒன்று தண்ணீரோடு ஆடியது, தண்ணீரோடு நின்றது.

"கெலின்," என்றாள். "ஏய், புதுப்பெண்ணே. எழுந்திரு."

அதே தொட்டியிலிருந்த நான்கு சிறு மீன்களும் தீனிக்காகக் கண்ணாடியோரம் வந்து வரிசையாக நின்றன. அவற்றுக்கு ஒரு குறையுமில்லை. பக்கத்து ஒன்பதாம் தொட்டியில் கணவாய் மட்டும் மணலில் ஒருபக்கமாகச் சாய்ந்து, விட்டு விட்டு மூச்சு வாங்கியது.

காலை 9.05.

தொக்ஜான் உள்ளே வந்தபோது அவள் இமைகளில் பனி ஒட்டியிருந்தது. வெளியே பூஜ்யத்துக்குக் கீழே முப்பத்தொரு பாகை உறைகுளிர். நகரக் குடிநீர்ப் பரிசோதனைக்கூடத்தில் வேலை. வியாழன்தோறும் இந்தக் காட்சியகத்துக்கு வந்து தொட்டி நீரைச் சோதிப்பாள். கடலே இல்லாத கரகந்தாவில் கடல்நீரை உப்பு மூட்டையிலிருந்துதான் எடுக்க வேண்டும். உப்பைப் பிரித்து, வடிகட்டிய நீரில் கலக்கி, கணக்குச் சரியாக இருக்கிறதா என்று ஒருவர் வாராவாரம் பார்க்க வேண்டும்.

அதிகம் பேசாத பெண். காட்சியகத்தில் பாதிப் பேருக்கு அவள் குரல் எப்படியிருக்கும் என்றே தெரியாது.

எட்டிலும் ஒன்பதிலும் ஓடுவது ஒரே நீர். அவள் எடுத்துச் சோதித்தாள். உப்பு சரி. காரத்தன்மை சரி. அம்மோனியா இல்லை. நைட்ரைட் இல்லை. வெப்பம் சரி. படிவத்திலிருந்த ஐந்து கட்டங்களும் நிரம்பின. ஐந்தும் நல்லபடியாக.

இயக்குநர் தல்காத் படிவத்தை வாங்கிப் பார்த்தார். கலங்கிய முகம். முதலாளிகளிடமிருந்து காலையிலேயே இரண்டு தடவை தொலைபேசி வந்துவிட்டது.

"தண்ணி நல்லாருக்கு. அப்போ தெளிவாயிடுச்சு."

"என்ன தெளிவாச்சு?"

"நேத்து சாயங்காலம் நாலு மணிக்கு யாரோ இது முகத்துக்கு நேரா ஃபிளாஷ் அடிச்சிருக்காங்க. டிக்கெட் கூண்டுலேர்ந்து ராவ்ஷான் அபாய் வெளிச்சத்தைப் பார்த்திருக்காங்க. அந்த நேரம் தொட்டி முன்னாடி காமிராவோட நின்னது ஒரே ஆள்."

"ஒராஸ்பெக் அகாவா?" மூத்த ஆண் அகா, மூத்த பெண் அபாய்; இங்கே மரியாதையாக அப்படித்தான் சொல்வார்கள்.

"வேற யாரு? தினமும் வந்து நிக்கிறாரே." அவர் மேசையிலிருந்த தாளைத் திருப்பிக் காட்டினார். ஒராஸ்பெக்கின் புகைப்படம். கீழே பெரிய எழுத்தில்: *இவருக்கு அனுமதி இல்லை. தடைசெய்யப்பட்ட ஃபிளாஷினால் விலங்கின் சாவுக்குக் காரணமானவர்.* "வாசல்ல ஒட்டப் போறேன். சனிக்கிழமை அவர் படக் கண்காட்சி திறக்கிறதா இருந்துச்சே, அதுவும் கிடையாது. அஞ்சு மணிக்குக் கையெழுத்து போட்டு முதலாளிங்களுக்கு அனுப்பணும்."

தொக்ஜான் தாளிலிருந்த முகத்தைப் பார்த்தாள். அறுபத்திரண்டு வயது. இருபத்தேழு வருடம் நிலக்கரிச் சுரங்கத்துக்குள் இருந்துவிட்டு வந்தவர். குளிர்காலத்தில் வெளிக்காற்று அவர் நெஞ்சுக்கு ஆகாது. இந்தக் கட்டடத்தின் வெதுவெதுப்பான உப்பு ஈரத்தில்தான் இருமாமல் ஒரு மணி நேரம் நிற்க முடிகிறது என்று அவர் ஒருநாள் சொன்னது அவளுக்கு நினைவிருந்தது. கடலைக் கண்ணால் பார்த்ததே இல்லை என்றும் சொல்லியிருந்தார்.

"அஞ்சு மணி வரைக்கும் நேரம் இருக்கில்ல?" என்றாள்.

"எதுக்கு?"

"ஃபிளாஷ் அடிச்சா ஆக்டோபஸ் மிரளும், மை பீச்சும். செத்துப்போறது கஷ்டம். அதோட கணவாயும் சாய்ஞ்சு கிடக்கு. அது முகத்துக்கு யார் ஃபிளாஷ் அடிச்சாங்க?"

தல்காத் தாளிலிருந்து தலையை நிமிர்த்தினார். அவள் இத்தனை வார்த்தை பேசி அவர் கேட்டதில்லை.

காலை 9.40.

அசெம் தீனி அறையில் முட்டைப்பெட்டி மேல் உட்கார்ந்திருந்தாள். கண் சிவந்திருந்தது.

"வயசாச்சா அதுக்கு?" என்றாள் தொக்ஜான்.

"எட்டு மாசம்தான் அபாய். இன்னும் ஒரு வருஷமாவது இருந்திருக்கும்."

"தீனி?"

"அதே நண்டு. அதே பெட்டி. நானும் அதைத்தான் சமைச்சுத் தின்னேன், நான் சாகலையே."

"மருந்து?"

"இந்தத் தொட்டிக்கு எதுவும் ஊத்த மாட்டேன். சத்தியமா."

"உள்ள யாராவது ஏதாவது போட்டாங்களா?"

"யாரும் போடல. மூடி எப்பவும் பூட்டிதான் இருக்கும். திறந்திருந்தா அவ வெளிய வந்து டிக்கெட் வாங்கிட்டுப் போயிருப்பா." சிரிக்கப் பார்த்தாள். அழுகைதான் வந்தது. "வந்த புதுசுல ரெண்டு வாரம் பொந்தை விட்டு வெளியவே வரல. அதான் நான் கெலின்னு பேர் வச்சேன். என் கல்யாணத்துலயும் நான் அப்படித்தான். முகத்திரையை எடுக்கிற நேரம் எங்க சித்தி வாழ்த்தி ஷாஷு தூவினதுல மிட்டாயோட ஒரு காசு வந்து நெத்தியில பட்டு, இவ்வளவு வீங்கிப்போச்சு. அப்பவும் நான் தலை நிமிரலயே."

"தொட்டியில நத்தைங்க இருந்துச்சே. ஒண்ணையும் காணோம்?"

"அதுங்க செத்துப் பத்து நாளாச்சு. கெலின் தின்னிருப்பான்னு நினைச்சேன்."

"ஓடு காலியா இருந்துச்சா?"

அசெம் யோசித்தாள். "இல்ல. உள்ள சதை அப்படியே இருந்துச்சு. நாறினதாலதான் எடுத்துப் போட்டேன்."

தொக்ஜான் குறிப்பேட்டில் இரண்டு சொற்கள் எழுதினாள்: *தின்னப்படாத நத்தை.*

காலை 10.15.

நுழைவுச்சீட்டுக் கூண்டுக்குள் ராவ்ஷான் பால் தேநீரை இரண்டு கிண்ணத்தில் ஊற்றினாள். ஐம்பத்தைந்து வயது, நான்கு பிள்ளைகளை வளர்த்தவள், காட்சியகத்தில் யார் வீட்டு விசேஷத்துக்கும் முதல் ஆளாக நிற்பவள். அவள் கூண்டிலிருந்து பார்த்தால் எட்டாம் தொட்டியின் பக்கவாட்டு தெரியும்.

"குடி மகளே, உதடு நீலமா இருக்கு. நீ கல்யாணம் பண்ணிட்டா யாராவது உனக்குக் கையுறை பின்னித் தருவாங்க. சொன்னா கேக்குறியா?"

"நேத்து என்ன பார்த்தீங்க அபாய்?"

"வெளிச்சம். பளிச்சுன்னு. நாலேகாலுக்குக் கொஞ்சம் முன்னாடி. பள்ளிக்கூடப் பிள்ளைங்க கூட்டமா வெளிய வந்துட்டிருந்துச்சு."

"ஒராஸ்பெக் அகாதான் அடிச்சார்னு பார்த்தீங்களா?"

ராவ்ஷான் கிண்ணத்தைச் சுற்றினாள். "அவரு முதுகைப் பார்த்தேன். தலைக்கு மேல கறுப்புத் துணி. வேற யாரு காமிரா வச்சிருந்தாங்க? எனக்கு மட்டும் ஆசையா சொல்ல? இயக்குநர் கேட்டார், பார்த்ததைச் சொன்னேன். சொன்னதுலேர்ந்து மனசு கேக்கல."

"தொட்டிக்குள்ள யாராவது ஏதாவது போட்டாங்களா? என்னைக்காவது?"

"ஓய்பாய்! என் கண் முன்னாடியா? திருக்கை இருக்கிற பெரிய குளத்துல காசு போட வந்த பிள்ளைங்க எத்தனை பேர் காதை நானே திருகியிருக்கேன் தெரியுமா? பலகை வேற மாட்டியிருக்கு. காசு போடாதேன்னு மூணு மொழியில."

தொக்ஜான் தேநீரைக் குடித்து முடித்தாள். கிண்ணத்தைக் கவிழ்க்காமல் வைத்ததால் இன்னொரு தடவை ஊற்றப்பட்டது. அதையும் குடித்தாள்.

காலை 11.20.

ஒராஸ்பெக்கின் வருட அட்டையை வாசல் இயந்திரம் ஏற்கவில்லை. சிவப்பு விளக்கு. அவர் மறுபடி வைத்துப் பார்த்தார். மறுபடி சிவப்பு. காவலாளி வேறு பக்கம் பார்த்தான். அவர் வாசலுக்கும் உள்கதவுக்கும் இடையிலிருந்த பெஞ்சில் உட்கார்ந்தார். அங்கே சூடு பாதிதான் வரும். இருமல் தொடங்கியது.

தொக்ஜான் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"கெலின் போயிட்டாளாமே," என்றார் அவர். "காவலாளி சொன்னான். நான்தான் கொன்னேன்னும் சொன்னான்."

"நீங்க ஃபிளாஷ் அடிச்சீங்களா அகா?"

அவர் காமிராவை எடுத்து அவள் மடியில் வைத்தார். ஃபிளாஷ் இருக்கும் மேல்பகுதி கறுப்பு ஒட்டுப் பட்டையால் மூடி, பல நாள் ஆகி, ஓரம் சுருண்டிருந்தது.

"வாங்கின அன்னைக்கே ஒட்டினேன். வாயு நிக்கிற சுரங்கத்துல இருபத்தேழு வருஷம், ஷிராகிம். அங்க ஒரு பொறி தெறிச்சா முந்நூறு பேர் போயிடுவாங்க. எனக்கு இன்னும் தீக்குச்சி உரசுற சத்தம் கேட்டா தோள் குலுங்கும். நான் ஃபிளாஷ் அடிப்பனா?"

ஷிராகிம், என் விளக்கே. இந்த ஊரில் பெரியவர்கள் எல்லாரும் சின்னவர்களை அப்படித்தான் அழைப்பார்கள். சுரங்கத்துக்காரர் வாயில் மட்டும் அந்தச் சொல்லுக்கு எடை அதிகம்.

"ராவ்ஷான் அபாய் வெளிச்சத்தைப் பார்த்திருக்காங்க."

"பார்த்திருப்பா. பொய் சொல்ற பொம்பளை இல்ல அவ."

"அப்போ யாரோ அடிச்சிருக்காங்க."

"ஆமா."

"யாருன்னு தெரியுமா?"

"தெரியும். சொல்ல மாட்டேன்."

"அகா, அஞ்சு மணிக்கு உங்க படத்தை வாசல்ல ஒட்டப் போறாங்க."

"ஒட்டட்டும். என் படத்தை எவனாவது மாட்டணும்னுதானே ஆசைப்பட்டேன்." சிரிப்பு இருமலாக மாறியது. ஓயும்வரை அவள் காத்திருந்தாள். அவர் பையைத் துழாவி ஒரு மிட்டாயை எடுத்து அவளிடம் நீட்டினார். உறை கசங்கி, உள்ளே மிட்டாய் பொடியாகியிருந்தது. "இந்தா. கெலின் முகம் காட்டின அன்னைக்குக் கிடைச்ச ஷாஷு மிட்டாய். கண்காட்சி நல்லபடியா நடக்கணும்னு பைக்குள்ள பத்திரமா வச்சிருந்தேன். இனிமே எனக்கு எதுக்கு? உனக்காவது நல்லது நடக்கட்டும்."

அவள் அதை மேலங்கிப் பையில் போட்டுக்கொண்டாள்.

"உங்க படமெல்லாம் நான் பார்க்கலாமா? எட்டாம் தொட்டியில எடுத்தது மட்டும்."

"பார். அவ உயிரோட இருக்கிறது இனி இதுக்குள்ள மட்டும்தான்."

பகல் 12.30.

பரிசோதனை மேசையில் தொக்ஜான் படங்களை நாள்வாரியாகத் திறந்தாள்.

நல்ல படங்கள். தொட்டிக் கண்ணாடி வழியே எடுத்ததென்று தெரியவே இல்லை. லென்சின் ரப்பர் விளிம்பைக் கண்ணாடியோடு ஒட்டவைத்து, கறுப்புத் துணியால் தலையை மூடிக்கொண்டு, மங்கல் வெளிச்சத்தில் அவர் காத்திருப்பார். ஒருமுறை நாற்பது நிமிடம் அசையாமல் நின்றதை அவளே பார்த்திருக்கிறாள். இருட்டில் காத்திருக்கத் தெரிந்த மனிதர்.

அவள் ஆக்டோபஸைப் பார்க்கவில்லை. அதைச் சுற்றி இருந்தவற்றைப் பார்த்தாள்.

ஜனவரி 10: கண்ணாடியில் மூன்று நத்தைகள். நான்கு மீன்கள். பொந்து வாசலில் சிப்பி ஓடுகளின் குவியல். ஆக்டோபஸ் தன் வீட்டு வாசலில் கிடைத்ததையெல்லாம் இழுத்துவந்து அடுக்கும்.

ஜனவரி 17: முதன்முதலாக முகம். மஞ்சள் கண், கிடைக்கோடாகக் கறுப்புப் பாவை. அழகான படம், கண்காட்சிக்கு முதலாவதாக வைத்திருந்தார். அடுத்த படம் கலங்கலாக இருந்தது. கண்ணாடியில் ஆட்களின் நிழல்கள், உயர்த்திய கைகள்.

ஜனவரி 24: ஓட்டுக் குவியலின் நடுவே ஒரு மஞ்சள் விளிம்பு.

ஜனவரி 31: நத்தைகள் இரண்டு மணலில் கவிழ்ந்து கிடந்தன. மஞ்சள் விளிம்பு பச்சையாகியிருந்தது. நான்கு மீன்கள்.

பிப்ரவரி 6: நத்தைகள் இல்லை. ஆக்டோபஸ் பொந்துக்கு வெளியே பாதி உடம்போடு. நிறம் மங்கல். நான்கு மீன்கள்.

பிப்ரவரி 8, மாலை 4.12: படத்தின் இடப்பக்கம் முழுக்க வெள்ளை ஒளி. ஓரத்தில், கண்ணாடியில் பிரதிபலித்து, கைபேசியை உயர்த்திப் பிடித்த ஒரு சிறு கை. சிவப்புக் கம்பளிச் சட்டை, பள்ளிப் பை. அந்தக் கைபேசியை மறைக்க நீண்ட இன்னொரு கை. அது பெரியது, விரல் மடிப்புகளில் நிலக்கரி நீலமாக ஊறிப்போனது.

தொக்ஜான் நாற்காலியில் சாய்ந்தாள். ஒராஸ்பெக் யாரைக் காட்டிக்கொடுக்க மறுத்தார் என்பது தெரிந்துவிட்டது. அந்தப் பிள்ளை யாராக இருந்தாலும் கெலினைக் கொல்லவில்லை.

நத்தை செத்தது. ஆக்டோபஸ் செத்தது. கணவாய் சாகக் கிடக்கிறது. மீன்களுக்கு ஒன்றுமில்லை.

முதுகெலும்பு இல்லாதவற்றை மட்டும் தேர்ந்து கொல்வது எது?

கைக்குட்டைக்காக மேலங்கிப் பைக்குள் கை விட்டாள். மிட்டாய் தட்டுப்பட்டது. உறையில் பொன்னிற ஓரம், படத்திலிருந்த அந்த மஞ்சள் விளிம்பைப் போல. அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, நகரத்துப் பழைய வீட்டுக் குழாய்களைச் சோதிக்கக் கொண்டுபோகும் சிறு பெட்டியைத் திறந்தாள். படிவத்தில் இல்லாத ஆறாவது சோதனை.

எட்டாம் தொட்டி நீரில் நான்கு சொட்டு. எண்ணிப் பத்து நொடி.

நீர் ஊதாவாகியது.

பகல் 1.05.

"அசெம்! கணவாயை இப்பவே மாத்து. தனி நீர், புது உப்பு. எட்டு, ஒன்பது ரெண்டு குழாயையும் மூடு."

"என்ன ஆச்சு அபாய்?"

"ஓடு, அப்புறம் சொல்றேன்."

அசெம் ஓடினாள். தொக்ஜான் சத்தம் போட்டு அன்றுதான் முதல்முறை கேட்டது அந்தக் கட்டடம்.

மாலை 4.00.

எட்டாம் தொட்டியின் முன் ஐந்து பேர் நின்றார்கள். தல்காத் கையில் கையெழுத்திடாத தாள். ஒராஸ்பெக்கைக் காவலாளி உள்ளே விட்டிருந்தான். அவர் காமிராவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டிருந்தார். ராவ்ஷான் கூண்டைப் பூட்டிவிட்டு வந்திருந்தாள். அசெம் முழங்கை வரை ஈரம்.

தொக்ஜான் யார் முகத்தையும் பார்க்காமல், தொட்டியைப் பார்த்துப் பேசினாள்.

"ஃபிளாஷ் அடிச்சது ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை. அகா கையால மறைச்சிருக்கார். படத்துல இருக்கு. அவர் சொல்லாததுக்குக் காரணம், சொன்னா இந்தத் தாள்ல அந்தப் பிள்ளை முகம் இருக்கும்."

"சின்னது," என்றார் ஒராஸ்பெக். "ஒன்பது வயசு இருக்குமா? ஃபிளாஷ் இருக்குன்னே அதுக்குத் தெரியாது. என்னைப் பார்த்துப் பயந்து அழுதுட்டு ஓடுச்சு."

"கெலின் ஃபிளாஷால சாகல. தண்ணியில செம்பு கலந்திருக்கு. மீன் ஓரளவு தாங்கும். நத்தை, கணவாய், ஆக்டோபஸ் தாங்காது. ஆக்டோபஸோட ரத்தம் நீலமா இருக்கிறதே அதுக்குள்ள செம்பு இருக்கிறதாலதான். ஆனா வெளியிலேர்ந்து கொஞ்சம் கூடுதலா வந்தாலும் விஷம். முதல்ல நத்தைங்க செத்துச்சு. அதைக் கெலின் தின்னல. அப்பவே அவளுக்குப் பசி இல்ல."

"செம்பு எங்கிருந்து வந்துச்சு?" தல்காத்தின் குரல் கூர்மையானது. "மருந்தா? அசெம்?"

"நான் இல்ல!"

"அவ இல்ல. அசெம், அந்த ஓட்டுக் குவியலைக் கிளறு. அடியில."

அசெம் படியேறி, மூடியைத் திறந்து, கையை விட்டாள். சிப்பி ஓடுகள் உருண்டன. பொந்தின் உட்பக்கம், ஆக்டோபஸ் நாள்முழுக்க உடம்பை வைத்துப் படுக்கும் இடத்தில், அவள் விரல்கள் நின்றன. கையை வெளியே எடுத்து விரித்தாள்.

பழைய பித்தளைக் காசுகள். பச்சைப் பாசிபோல் களிம்பு பூத்து, ஓரம் அரித்திருந்தன.

தல்காத் கிட்டே வந்து குனிந்து பார்த்தார். 

"பித்தளையில பாதிக்கு மேல செம்புதான். பளபளன்னு இருந்ததால அவளே பொறுக்கி வீட்டுக்குள்ள கொண்டு போயிருக்கா," என்றாள் தொக்ஜான். "மூணு வாரம் அது மேலயே படுத்திருக்கா. அதனாலதான் கணவாய்க்கு முன்னாடியே அவ போயிட்டா."

"யார் போட்டது?" தல்காத் சுற்றிலும் பார்த்தார். "மூடி பூட்டியிருக்கு. பலகை மாட்டியிருக்கு. யார் போட்டது?"

"காலையில நானும் அதையேதான் எல்லார்கிட்டயும் கேட்டேன். தொட்டியில யாராவது ஏதாவது போட்டாங்களான்னு. எல்லாரும் இல்லைன்னீங்க. யாரும் பொய் சொல்லல. என் கேள்விதான் தப்பு."

அவள் மேலங்கிப் பையிலிருந்து கசங்கிய மிட்டாயை எடுத்துத் தொட்டியின் விளிம்பில் வைத்தாள்.

"ஷிராகிம்," என்றார் ஒராஸ்பெக் மெதுவாக. அவருக்குப் புரிந்துவிட்டது. "இதைச் சொல்லித்தான் ஆகணுமா?"

"சொல்லலைன்னா அடுத்த ஷாஷு அடுத்த தொட்டியில விழும், அகா."

ராவ்ஷானின் கை வாய்க்குப் போனது.

"ஜனவரி பதினேழு. அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னு மத்தியானம் காவலாளிகிட்ட கேட்டேன். அசெம் மூடியைத் திறந்து நண்டு ஊட்டிட்டிருந்தா. ரெண்டு வாரமா ஒளிஞ்சிருந்த கெலின் அன்னைக்குத்தான் முகத்தைக் காட்டினா. புதுப்பெண் முகம் காட்டினா வெறுங்கையோட நிப்போமா? தூவியிருக்கீங்க. மிட்டாய் மேல மிதந்துச்சு, எல்லாரும் பொறுக்கிட்டீங்க. காசு கனமானது, கீழ போயிடுச்சு. ஆனா யாருக்கும் அது காசு போட்ட மாதிரி தோணல. காசு போடறது குறும்பு. ஷாஷு தூவறது வாழ்த்து. ரெண்டும் ஒண்ணுன்னு நம்ம யார் மனசுலயும் இல்ல." அவள் முதன்முறையாகத் திரும்பினாள். "தூவினது ராவ்ஷான் அபாய்."

ராவ்ஷான் தன் வலது உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள். அதில் ஏதோ ஒட்டியிருப்பதுபோல.

"அவ நல்லா இருக்கணும்னுதான்," என்றாள். "நிறைய குஞ்சு பொரிக்கணும்னு சொல்லித்தான் தூவினேன். என் மருமகளுக்குச் சொன்ன அதே வார்த்தை." அவள் ஒராஸ்பெக்கின் பக்கம் திரும்பினாள். "நான் உங்க பேரைச் சொன்னேனே. நான் பண்ணினதுக்கு உங்க பேரை..."

"நீ வெளிச்சத்தைப் பார்த்த. பார்த்ததைத்தான் சொன்ன," என்றார் அவர். "நீ தூவினப்போ நானும்தான் கைதட்டினேன். துணியைத் தலையிலேர்ந்து தூக்கி எறிஞ்சுட்டு மிட்டாய் பொறுக்கினேன். அந்தக் கலங்கின படம் அப்போ எடுத்ததுதான்."

தல்காத் அசெமின் கையிலிருந்த காசுகளில் ஒன்றை எடுத்துக் களிம்பைத் தேய்த்தார்.

"அபாய்கிட்ட அன்னைக்கு மிட்டாய் மட்டும்தான் இருந்துச்சு," என்றார். "வெறும் மிட்டாயா, காசில்லாம ஷாஷுவான்னு கேலி பண்ணி, என் பையிலிருந்த சில்லறையை நான்தான் அவங்க கையில கொட்டினேன்."

அவர் தாளை இரண்டாகக் கிழித்தார். பிறகு நான்காக. பேனா இன்னும் அவர் விரலிடுக்கில் இருந்தது. எங்கே வைப்பதென்று தெரியாமல் காதில் செருகிக்கொண்டார்.

"அட்டையைக் கொடுங்க அகா," என்றார். "வாசல்ல நானே சரிபண்ணித் தரேன். கண்காட்சி சனிக்கிழமைதானே?"

ஒராஸ்பெக் தலையசைத்தார். பேச வாயெடுத்து இருமினார். ராவ்ஷான்தான் ஓடிப்போய்த் தேநீர் கொண்டுவந்தாள். கிண்ணத்தை அவர் கையில் வைத்து, குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றாள்.

சனி, காலை 11.00.

முப்பத்தொரு படங்கள். முதல் படம், பொந்திலிருந்து எட்டிப் பார்க்கும் மஞ்சள் கண். கீழே சீட்டில்: *கெலின், முகம் காட்டிய நாள்.* கடைசியாக அந்தக் கலங்கிய படம். உயர்த்திய கைகளும் சிரிக்கும் நிழல்களும் மட்டும் அதில் தெரிந்தன. அதை வைக்கச் சொன்னது ராவ்ஷான். எந்தக் கை தன்னுடையது என்று அவளுக்குத் தெரியும், மற்றவர்களுக்குத் தெரியாது.

புதிய நீரில் கணவாய் எழுந்து நின்றது. காலையில் ஓர் இறாலைப் பிடித்துத் தின்றது என்று அசெம் வருவோர் போவோரிடமெல்லாம் சொன்னாள். தொக்ஜானின் படிவத்தில் ஆறாவது கட்டம் ஒன்று கையால் கோடு போட்டுச் சேர்க்கப்பட்டிருந்தது.

கூட்டத்தின் பின்வரிசையில், சிவப்புக் கம்பளிச் சட்டை போட்ட ஒரு சிறுமி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒராஸ்பெக் அவளைப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல், கறுப்பு ஒட்டுப் பட்டையில் ஒரு துண்டு கிழித்து, அவள் அம்மாவின் கைபேசியின் ஃபிளாஷ் மேல் ஒட்டிக் கொடுத்தார். "இப்போ எடு," என்றார். "அவசரப்படாத. கணவாய் தானா உன்கிட்ட வரும்."

நாடா வெட்டப்பட்டது. எல்லாரும் ராவ்ஷானைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் அசையவில்லை.

"என்ன அபாய்?" என்றார் தல்காத். "ஷாஷு இல்லாம ஒரு திறப்பு விழாவா?"

"என்னால முடியாது."

"ராவ்ஷான்," என்றார் ஒராஸ்பெக். "இது என் முதல் கண்காட்சி. இன்னொண்ணுக்கு என் நெஞ்சு தாங்குமான்னு தெரியாது. எனக்கு யார் தூவுவா?"

அவள் பையைத் திறந்தாள். மிட்டாய்கள் மட்டும். உறை போட்டவை.

பிறகு எட்டு, ஒன்பது, பத்து என்று ஒவ்வொரு தொட்டியாக நடந்து, மூடிகளைக் கையால் அழுத்திப் பார்த்தாள். திருக்கைக் குளத்தின் மேல் அசெம் விரித்திருந்த துணியின் நான்கு முனைகளையும் இழுத்துப் பார்த்தாள். கூட்டம் பொறுமையாக நின்றது. எல்லாம் மூடியிருந்தன.

அவள் நடுவில் வந்து நின்றாள். கையை உயர்த்தினாள்.